அருணாச்சலத்துக்கு ஆள் சேர்க்கும் பயணக் குழுக்களுக்கு

அன்பு நண்பர்களே,

அருணாச்சலப் பிரதேசத்துக்குப் போக இன்னர் லைன் பர்மிட் (வெளி மாநிலத்தவர் உள்ளே நுழைய வாங்கும் அனுமதி) வேண்டும் என்றதும், "நம்ம நாட்டுக்குள்ள போக நமக்கு எதுக்கு அனுமதி?" என்று உங்களில் பலர் கோபப்படுகிறீர்கள். அந்தக் கோபம் நியாயமில்லை என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

'இன்னர் லைன்' என்ற இந்த உள் எல்லைக் கோட்டை 1873-இல் போட்டவர்கள் ஆங்கிலேயர்கள்தான். தேயிலை, ரப்பர், யானைத் தந்த வணிகத்தைத் தங்கள் பிடியில் வைத்துக்கொள்ளப் போட்டார்கள். ஆனால் இன்று அதை விடாமல் காப்பவர்கள் அங்கே வாழும் மக்கள். அருணாச்சலம் தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நிலம், 83,743 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி அங்கே இருந்தவர்கள் 14 லட்சத்துக்கும் குறைவு. அதற்குள் நிஷி, ஆதி, அபதானி, மோன்பா என்று 26 பெரிய பழங்குடிகள். வெளியாட்கள் வந்து குடியேறினால் சொந்த மண்ணிலேயே சிறுபான்மையாகிவிடுவோம் என்று பயப்படுகிறார்கள். திரிபுராவின் பழங்குடிகளுக்கு அதுதான் நடந்தது. ஆகவே அது வீண் பயம் இல்லை.

நீங்கள் போடும் பயணத் திட்டங்களைப் பார்த்தால் எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. வெவ்வேறு பள்ளத்தாக்குகளில் இருக்கும் தவாங், ஜீரோ, மெச்சுகா மூன்றையும் ஒரே வாரத்தில் அடைக்கிறீர்கள். அங்கே ஆறுகள் வடக்கிலிருந்து தெற்கே பாய்கின்றன. ஒரு பள்ளத்தாக்குக்கும் அடுத்ததற்கும் நடுவே பெரிய மலைத்தொடர் நிற்கிறது. ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்ததற்குப் போக அசாம் சமவெளிக்கு இறங்கி, மறுபடி ஏறுவதுதான் நெடுங்காலமாக வழி. நிர்வாகமும் ஆறுகளை ஒட்டியே அமைந்தது. அருணாச்சலம் நேஃபா (வடகிழக்கு எல்லைப்புற முகமை) என்ற பெயரில் இருந்த காலத்தில் காமெங், சுபன்சிரி, சியாங், லோகித் என ஆற்றுப் பெயர்களிலேயே பிரிவுகள் இருந்தன. இன்றும் பல மாவட்டங்களுக்கு அந்தப் பெயர்கள்தான். இப்போது சாலைகள் மேம்பட்டிருக்கின்றன, 2024-இல் தவாங் போகும் வழியில் சேலா சுரங்கப்பாதையும் திறந்தாயிற்று. ஆனாலும் மண் சரிந்தால் ஒரு நாள் முழுக்கச் சாலையிலேயே போய்விடும்.

அதனால் ஒரு பயணத்துக்கு ஒரு பள்ளத்தாக்கை மட்டும் எடுங்கள். பர்மிட்டுக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம்; தேதி முடிவதற்குள் திரும்பிவிடுங்கள். சீன எல்லையில் இருக்கும் பும்லா கணவாய்க்குத் தவாங்கில் தனி அனுமதி வாங்க வேண்டும் என்பதைப் பணம் வாங்கும் முன்பே ஆட்களிடம் சொல்லுங்கள். அப்புறம், இன்னர் லைன் பர்மிட்டைத் தொல்லை என்று உங்கள் விளம்பரங்களில் எழுதுவதை நிறுத்துங்கள்.

அன்புடன்,
மலைகளை நேசிக்கும் ஒரு பயணி