காசிமேட்டிலிருந்து ஒரு பதில்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேரனின் காய்ச்சல் தணிந்ததை அறிந்து நிம்மதி அடைந்தேன். முப்பது ஆண்டுகள் பட்டறையில் கற்ற எஞ்சின் பழுதுபார்க்கும் தொழிலை, முகமறியாதவர்களுக்குக் காசு வாங்காமல் ஏன் சொல்லிக் கொடுக்கிறாய் என்று கேட்டிருந்தாய்.

சென்ற வாரம் இரவு பதினொரு மணிக்கு, நாகப்பட்டினத்துத் தம்பி ஒருவர் தம் விசைப்படகு எஞ்சினின் ஓசையைப் பதிவு செய்து எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பியிருந்தார். டீசல் ஃபில்டர் மாற்றியதிலிருந்து, ஸ்டார்ட் ஆன இரண்டு நிமிடத்தில் இழுத்து இழுத்து நின்றுவிடுகிறதாம். ஏர் லாக், அதாவது டீசல் வரும் வழியில் காற்று அடைத்துக்கொண்டிருக்கிறது என்பது கேட்டதுமே புரிந்தது. ஃபில்டர் மேலுள்ள திருகைச் சற்றுத் தளர்த்திவிட்டுக் கைப்பம்பை அடியுங்கள், குமிழியும் நுரையுமாக வரும் டீசல் தெளிந்து வழியத் தொடங்கியதும் திருகை இறுக்குங்கள் என்று எழுதினேன். விடிவதற்குள் படகு கடலுக்குப் போய்விட்டது.

ராயபுரத்தில் நான் தொழில் பழகியபோது, டைமிங் வைக்கும், அதாவது டீசல் பீய்ச்சும் தருணத்தை எஞ்சினின் சுழற்சியோடு பொருத்தும் நேரத்தில் மேஸ்திரி எங்களுக்கு முதுகைத் திருப்பிக்கொள்வார். அன்று வலித்தது; இன்று அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. எதிர்க்கடைக்குத் தெரிந்துவிட்டால் அவர் வீட்டில் உலை கொதிக்காது. நாகப்பட்டினத்துத் தம்பியோ என் வாடிக்கையைப் பறிக்கப் போவதில்லை. பாதி அச்சத்தைத் தூரமே போக்கிவிடுகிறது.

மீதியை என் மகள் விளக்கினாள். இணையதளங்களை இயக்கும் அப்பாச்சி என்னும் மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு இணையத்தில் ஊதியமின்றி உதவியவர்களைப் பற்றி, கரீம் லக்கானியும் எரிக் வான் ஹிப்பலும் 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உதவியவர்களின் உழைப்பில் 98 விழுக்காடு அவர்களுக்கே கற்றலாகத் திரும்பியது என்கிறது அது. பிறருடைய கேள்வி பதில்களைப் படிப்பதில்தான் அவர்களின் பெரும்பொழுது கழிந்தது. விடை முன்பே தெரிந்திருந்ததால், எழுதச் சில நிமிடங்களே போதுமாயின. என் கதையும் அதுதான். மின்னணுக் கட்டுப்பாட்டில் டீசலைப் பீய்ச்சும் காமன் ரெயில் எஞ்சினின் சென்சார் கோளாறுகளை, தூத்துக்குடி மெக்கானிக் ஒருவர் எழுதியதைப் படித்துத்தான் அறிந்தேன். அந்தப் பாடத்தை இங்கே எந்தப் பட்டறையிலும் எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

ஆனாலும் கணக்கு அங்கே முடிந்துவிடவில்லை. நான் எழுதியதற்குக் கீழே, தொழில் தெரிந்த பெரியவர் ஒருவர் "சரியான வழி" என்று எழுதும்போது நெஞ்சு நிறைகிறதே, அதற்கு எந்தக் கூலியும் ஈடாகாது.

மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு வெல்டிங் சூட்டில் நெளிந்துவிடுகிறது என்று நேற்று ஒருவர் கேட்டிருக்கிறார். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் உன் கை பழகிய வேலை அது. உன்னையும் குழுவில் சேர்க்கட்டுமா?

என்றும் அன்புடன்,
உன் பழைய தோழன்