தோளுக்குள் வைத்தது எதுவென்று எழுதிக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு துளைகள் வழியாகச் செய்யப்படும் ஆர்த்ரோஸ்கோப்பி அறுவைச் சிகிச்சையில், கிழிந்த தசைநாணை எலும்போடு சேர்த்துக் கட்டுவதற்காக ‘ஆங்கர்’ எனப்படும் சிறு பொருளை எலும்புக்குள் பொருத்துகிறார்கள். அந்த ஆங்கர்களின் விவரத்தை நோயாளியிடம் எழுத்தில் கொடுப்பதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பதே இக்கடிதத்தின் வேண்டுகோள்.

சென்ற ஐப்பசி மழையில் வாசற்படியில் வழுக்கி விழுந்த என் மனைவிக்கு, வலத் தோளில் ரொட்டேட்டர் கஃப் என்னும் தசைநாண் கிழிந்துவிட்டது. தலை வாரக்கூடக் கை எழும்பவில்லை. நகரிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. சிகிச்சையைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆறு வாரம் கையை ஸ்லிங்கில் வைத்திருந்து, பிறகு பொறுமையாகப் பிசியோதெரபி செய்து, கையைத் தலைக்கு மேல் தூக்கும் நிலைக்கு அவர் வந்துவிட்டார். ஆனால் பில்லில் ‘இம்ப்ளான்ட்’ என்ற ஒற்றைச் சொல்லும் அதற்கு எதிரே ஒரு பெருந்தொகையும் மட்டுமே இருந்தன. எத்தனை ஆங்கர், எந்த நிறுவனத்துடையது, எதனால் ஆனது என்ற விவரம் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் இல்லை.

சில மாதங்கள் கழித்து, தண்ணீர்க் குடத்தைத் தூக்கியதில் அதே தோளில் மறுபடியும் வலி வந்தது. வீட்டருகே எடுத்த எக்ஸ்ரேயில், உள்ளே எதுவுமே இருப்பதாகத் தெரியவில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு ஆங்கரே வைக்காமல் விட்டார்களோ என்ற, சொல்லவே கூசும் சந்தேகத்தோடு இரண்டு இரவுகள் தூக்கமின்றிக் கழிந்தன. பிறகு நாங்கள் பார்த்த எலும்பு மருத்துவர்தான் எல்லாவற்றையும் விளக்கினார். பந்தல் கயிற்றை இழுத்துக் கட்டத் தரையில் அடிக்கும் முளையைப் போன்றது ஆங்கர். எலும்பில் துளையிட்டு அதை இறக்கி, அதிலிருந்து வரும் நூல்களைத் தசைநாணில் கோத்து இறுக்குகிறார்கள். தசைநாண் எலும்போடு ஒட்டி வளரும் வரை பிடித்துக்கொண்டிருப்பதே அதன் வேலை. டைட்டானியத்தில் செய்தது எக்ஸ்ரேயில் சிறு திருகாணி போல வெள்ளையாகத் தெரியும். ‘பீக்’ என்னும் உறுதியான பிளாஸ்டிக்கில் செய்ததும், உடலிலேயே மெல்லக் கரையும் வகையும், முழுக்க நூலாலேயே ஆனதும் அப்படித் தெரியமாட்டா. இந்த ஒரு வரி எங்கள் கையில் எழுத்தில் இருந்திருந்தால், ஒரு நல்ல மருத்துவரை நாங்கள் மனத்துக்குள் பழித்திருக்க மாட்டோம்.

அதோடு முடியவில்லை. ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன், உள்ளே உலோகம் உண்டா என்று கேட்டார்கள். எங்களிடம் பதில் இல்லை. டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது என்றாலும், அதைச் சுற்றியுள்ள பகுதி படத்தில் சிதைந்து தெரியும் என்பதால் அந்தக் கேள்வி அவசியமானதே. மறு அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டிருந்தால், பழைய ஆங்கர்கள் எந்த வகை, எந்த அளவு என்று தெரியாமல் புதிய துளையை எங்கே போடுவது என்று திட்டமிடுவதே மருத்துவருக்குச் சிரமமாகியிருக்கும். நல்லவேளையாகத் தசைநாண் மீண்டும் கிழியவில்லை. அறுவைச் சிகிச்சை நடந்த மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவுக்கு மூன்று முறை நடந்தபின் கேஸ் ஷீட்டின் நகல் கிடைத்தது. அதில் மூன்று ஸ்டிக்கர்கள்: மூன்றும் பீக், ஒவ்வொன்றும் 5.5 மில்லிமீட்டர். நிறுவனத்தின் பெயர், தொகுதி எண் எல்லாம் அச்சிட்டு, உரித்து ஒட்டும்படியாகப் பெட்டியோடே வரும் ஸ்டிக்கர்கள் அவை. இன்னொரு பிரதியை நோயாளியின் சம்மரியில் ஒட்ட அரை நிமிடம் போதும்.

இது புதுமையான கோரிக்கையும் அல்ல. 2017 பிப்ரவரியில் இதய ஸ்டென்ட்டுக்கும், அதே ஆண்டு ஆகஸ்டில் செயற்கை முழங்கால் மூட்டுக்கும் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்ச விலை நிர்ணயித்தபோது, அவற்றின் விலையைப் பெயர், நிறுவனம், தொகுதி எண் ஆகியவற்றோடு பில்லில் தனியே காட்ட வேண்டும் என்றும் ஆணையிட்டது. முழங்காலுக்குப் பொருந்தும் நியாயம் தோளுக்கும் பொருந்த வேண்டும். கிழிசல் பெரிதாக இருந்தால் ஒரே தோளில் நான்கு ஆங்கர்கள்கூடத் தேவைப்படுவதால், ஒவ்வொன்றின் விலையையும் அறுவைச் சிகிச்சைக்கு முன்பே குடும்பத்தாரிடம் சொல்வது அவசியம். எத்தனை வைப்பது, எந்த வகையை வைப்பது என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும். எலும்பு தேய்ந்த முதியவர்களுக்கு ஆங்கர் பிடிப்பை இழந்து வெளியே வந்துவிடக்கூடும் என்பதால், அந்த முடிவில் எங்களைப் போன்றவர்கள் தலையிட முடியாது. வைத்தது என்ன என்று தெரிந்துகொள்வது மட்டும் எங்கள் உரிமை.

மாநில மக்கள் நல்வாழ்வுத் துறை இதற்கென ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். அது வரும்வரை, அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கும் வாசகர்கள், வீடு திரும்பும் நாளன்று அந்த ஸ்டிக்கர்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
மேற்கு மாம்பலம், சென்னை-33.