படர்தாமரைக்குப் பூசும் களிம்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக மருந்துக்கடையில் பணிபுரியும் மருந்தாளுநர். கத்தரி வெயில் தொடங்கிவிட்டால் எங்கள் கடைக்கு வருவோரில் பலர் நோயின் பெயரையும் சொல்வதில்லை, மருந்தின் பெயரையும் சொல்வதில்லை. பூஞ்சையால் வரும் படர்தாமரைக்குப் பூசிப் பிதுக்கித் தீர்ந்துபோன களிம்பு ட்யூப் ஒன்றை மேசைமேல் வைத்து, அதே போல் இன்னொன்று கேட்கிறார்கள். யார் எழுதிக் கொடுத்தது என்று விசாரித்தால், பக்கத்து வீட்டுக்காரர் பூசி ஒரே நாளில் அரிப்பு நின்றது என்பதே பெரும்பாலும் பதிலாக வருகிறது.

அரிப்பு நிற்பது உண்மைதான். சிக்கலே அங்கிருந்துதான் தொடங்குகிறது. அத்தகைய ட்யூப்களில் பூஞ்சைக்குக் குளோட்ரிமசோல் அல்லது மைக்கோனசோல், பாக்டீரியாவுக்கு ஜென்டாமைசின் அல்லது நியோமைசின், இவற்றோடு குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற வீரியமுள்ள ஸ்டீராய்டு ஒன்றும் கலந்திருக்கும். ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்புச் சக்தியைத் தணிப்பதால் சிவப்பும் நமைச்சலும் அன்றிரவே அடங்கிவிடுகின்றன. ஆனால் காவல் இல்லாத வீட்டில் திருடன் உலவுவதைப்போலப் பூஞ்சை அடியில் பரவிக்கொண்டே இருக்கிறது. படர்தாமரைக்கே உரிய வட்ட விளிம்பும் கலைந்துவிடுவதால், பின்னர் பார்க்கும் மருத்துவருக்கும் நோயை இனங்காண்பது கடினமாகிறது. பூசுவதை நிறுத்தினால் இரண்டு மடங்காகத் திரும்பி வருகிறது, உடனே அடுத்த ட்யூப் வாங்கப்படுகிறது. பல ஆண்டுகளாக நம்பியிருந்த டெர்பினாஃபின் மாத்திரைக்கு எளிதில் கட்டுப்படாத பூஞ்சை வகை ஒன்றுக்கு 2020ஆம் ஆண்டில் ட்ரைகோஃபைட்டான் இண்டோடினியே என்று நம் நாட்டின் பெயரையே சேர்த்து வைத்திருக்கிறார்கள். அது இங்கே இவ்வளவு பரவியதற்கு இந்தக் கலவைக் களிம்புகளும் ஒரு காரணம் என்று தோல் மருத்துவர்கள் சொல்லி வருகிறார்கள்.

பூசும் இடத்தைப் பற்றியும் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஃபெல்ட்மன், மைபாக் என்னும் ஆய்வாளர்கள் 1967இல் அளந்து காட்டியபடி, முன்கைத் தோல் உறிஞ்சும் ஹைட்ரோகார்ட்டிசோன் என்னும் ஸ்டீராய்டைக் காட்டிலும் தாடைத் தோல் ஏறத்தாழ 13 மடங்கும், விதைப்பைத் தோல் 42 மடங்கும் கூடுதலாக உறிஞ்சுகின்றன. ஆண்கள் தொடை இடுக்கில் மாதக்கணக்கில் பூசி, தோல் காகிதம்போல் மெலிந்து, ஆயுளுக்கும் மறையாத வரிகளோடு வந்து நிற்பதற்குக் காரணம் இதுவே. முகத்தில் படரும் கருந்திட்டான மங்குக்காக மருத்துவர் சில வாரங்களுக்கு மட்டும் எழுதித் தரும், மொமட்டசோன் என்னும் ஸ்டீராய்டு, ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் கலவையை நிறம் கூட்டும் கிரீம் என்று நம்பி இளம்பெண்கள் நாள்தோறும் பூசுவது இதனினும் கொடுமை. முகம் சிவந்து, ரத்த நாளங்கள் தெரிந்து, பருவும் மெல்லிய முடியும் தோன்றிய பிறகு நிறுத்த முயன்றால் முகம் எரிகிறது. அந்த எரிச்சலுக்குப் பயந்தே மறுபடியும் பூசுகிறார்கள். சிவப்பழகு மோகத்தைப் பற்றித் தனியே ஒரு கடிதம் எழுதலாம்.

மத்திய சுகாதார அமைச்சகம் 2018ஆம் ஆண்டிலேயே 14 வகை ஸ்டீராய்டு மேற்பூச்சுகளை எச் அட்டவணையில் சேர்த்து, மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அறிவித்தது. ஆயினும் கடைகளில் அவை கேட்ட மாத்திரத்தில் கிடைக்கின்றன என்பதை, வெட்கத்தோடுதான், ஒப்புக்கொள்கிறேன். நான் மறுத்தால் அடுத்த கடையில் வாங்கிக்கொள்வார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு விற்ற நாட்களும் உண்டு.

இதையெல்லாம் படித்துவிட்டு ஸ்டீராய்டு என்றாலே நஞ்சு என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. கரப்பான் (எக்சிமா), சொரியாசிஸ் போன்ற தோல் நோய்களுக்கு எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கைகொடுத்துவரும் மருந்து அது. கைப்பேசியில் வந்த ஒரு காணொளியைப் பார்த்துப் பயந்து, குழந்தையின் கரப்பானுக்கு மருத்துவர் கொடுத்த மிதமான களிம்பைத் தூக்கி எறிந்துவிட்டு, சொறிந்து சொறிந்து சீழ் வைத்த கால்களோடு அந்தக் குழந்தையைத் தூக்கிவந்த தாயையும் நான் பார்த்திருக்கிறேன். சரியான நோய்க்கு, சரியான வீரியத்தில், சொன்ன நாள் வரை பூசினால் அஞ்ச வேண்டியதில்லை. பெரியவரின் ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ட்யூபிலிருந்து பிதுக்கும் களிம்பு ஏறக்குறைய அரை கிராம் இருக்கும். அது விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவுள்ள இடத்துக்குப் போதும். குளோபெட்டசாலைப் பெரியவர்களும் தொடர்ந்து இரண்டு வாரங்களுக்கு மேல், வாரத்துக்கு 50 கிராமுக்கு மேல் பூசக் கூடாது. கண்ணைச் சுற்றி நீண்ட நாள் பூசினால் கண்ணழுத்த நோய் வரக்கூடும். குழந்தையின் டயப்பருக்குள் பூசி மூடினால் உறிஞ்சும் அளவு கூடிவிடும். வெகுநாள் பூசியவர்கள் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைப்பதே நல்லது.

களிம்பு ட்யூப்களில் உள்ள எச்சரிக்கை, பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய ஆங்கில எழுத்தில் இருக்கிறது. 'ஸ்டீராய்டு கலந்தது, படர்தாமரைக்கும் முகத்துக்கும் தாமாகப் பூசக் கூடாது' என்று ஒரே ஒரு வரியைத் தமிழில், கண்ணில் படும் அளவில் அச்சிட மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும். மருத்துவர்களும் சீட்டில் மருந்தின் பெயரோடு, எந்த இடத்தில், எத்தனை நாள் என்பதையும் எழுதிக் கொடுத்தால், தீர்ந்த ட்யூபோடு வருகிறவரிடம் அந்தச் சீட்டைக் காட்டி, நாள் முடிந்துவிட்டது என்று சொல்ல எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு பிடி கிடைக்கும்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
திண்டுக்கல் மாவட்டம்.