திருவட்டாற்றிலிருந்து தொடங்குங்கள்: குமரி மாவட்ட ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறிவியல், புவியியல் ஆசிரியர்களே,

வணக்கம். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள் போன வாரம் கேட்டாள்: "அப்பா, நம்ம மாவட்டத்துல ஃபாசிலே கிடையாதா?" நம் மலைப்பாறைகளில் ஃபாசில் (புதைபடிவம்) தேடினால் கிடைக்காதுதான். அவை பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறியவை; அந்தச் சூட்டில் எந்த உயிரின் ஓடும் தங்காது.

ஆனால் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளை நினைத்துப் பாருங்கள். 16,008 சாளக்கிராமங்களை வைத்து, மேலே கடுசர்க்கரை என்னும் பூச்சுக்கலவையைப் பூசிச் செய்த திருமேனி என்று கேட்டுத்தானே வளர்ந்தோம்? சாளக்கிராமம் நேபாளத்துக் காளி கண்டகி ஆற்றில் கிடைப்பது. பல கற்களில் நாம் சக்கரம் என்று கும்பிடுவது அம்மோனைட்டின் ஓட்டுச்சுருள். கணவாய் மீனுக்கு உறவான, இன்று அழிந்துபோன கடல் உயிர் அது. அறை அறையான ஓட்டில் வாயுவை வைத்துக்கொண்டு மிதந்தது. சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் அது நீந்திய தெத்திஸ் கடல் இன்று இல்லை. இந்தியா வடக்கே போய் ஆசியாவோடு முட்டியதில் கடலடிச் சேறு இமயமலையாக எழுந்துவிட்டது.

அம்மோனைட் கடலில் மட்டுமே வாழ்ந்தது. ஆகவே ஒரே வகைகள் இரு கரைகளிலும் கிடைத்தால் இடையில் நீர்வழி இருந்திருக்க வேண்டும். செத்தபின் வெற்று ஓடும் மிதந்து போகும் என்பதால் ஒரு ஓட்டை நம்பி யாரும் முடிவு சொல்வதில்லை. பல வகைகள் சேர்ந்து ஒத்துவர வேண்டும். குஜராத்தின் கட்ச் பகுதியில் கிடைக்கும் ஜுராசிக் கால அம்மோனைட்டுகள் மடகாஸ்கரில் கிடைப்பவற்றோடு அப்படி ஒத்துப்போகின்றன. நம் அரியலூர்ப் பக்கத்து அம்மோனைட்டுகளை 1890களில் ஃபிரான்ஸ் கோஸ்மாட் என்ற ஆஸ்திரியப் புவியியலாளர் ஆராய்ந்தார். அவர் பெயரைத் தாங்கிய அம்மோனைட் குடும்பம் மடகாஸ்கர், நியூசிலாந்து, அண்டார்டிகா வரை கிடைக்கிறது. முக்கடல் கூடும் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் எது?

கண்டங்கள் நகர்ந்த பாடத்தை உலக வரைபடத்தில் தொடங்காமல் திருவட்டாற்றில் தொடங்குங்கள். பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அப்புறம், ஒரு வருடமாவது சுற்றுலாவை அரியலூருக்கு வையுங்கள். வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. ஓடைகளில் கண்ணில் படுவதைப் படம் மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். கிடந்த இடத்தை விட்டு எடுத்தால் அது எந்தக் காலத்துக் கடல் என்ற தகவல் போய்விடும்.

பெருமாளின் சாளக்கிராமங்கள் கடுசர்க்கரைக்குள் மறைந்திருக்கின்றன. எங்கள் வீட்டில் பாட்டி பூஜித்த கல் ஒன்று உண்டு. சுருள் தெளிவாகத் தெரியும். வகுப்புக்கு வேண்டுமென்றால் சொல்லுங்கள், நானே கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
ஒரு மாணவியின் அப்பா