பழைய கடவுச்சொல் சீட்டைக் கிழிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கணினியின் கடவுச்சொல்லை மறந்தவர்களுக்குப் புதியதை வைத்துக் கொடுக்கும் நல்லவர்கள், போகும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்பதற்காகவே இக்கடிதம்.

சென்ற மாதம் என் மேக் கணினியின் கடவுச்சொல் மறந்துபோனது. அக்காள் மகன் நிர்வாகிக் கணக்கின் வழியே புதியதை வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான். உள்ளே நுழைந்ததும் ஒரு பெட்டி: 'லாகின்' கீசெயின் என்ற கடவுச்சொல் பெட்டகத்தின் கடவுச்சொல்லைக் கேட்டது. புதியதைக் கொடுத்தேன்; ஏற்கவில்லை. மூடினால் மின்னஞ்சலுக்காக ஒன்று, நாட்காட்டிக்காக ஒன்று எனப் பதினேழு வரை எண்ணிவிட்டு நிறுத்தினேன். வைரஸ் என்றே நம்பினேன்.

நான்காம் நாள் அகராதிக்குள் ஒரு துண்டுச்சீட்டு அகப்பட்டது. பழைய கடவுச்சொல். இனி எதற்கு என்று கிழிக்கப் போனவன், போகிறபோக்கில் அதைத் தட்டிப் பார்த்தேன். பெட்டி வாயை மூடிக்கொண்டது.

கீசெயின் என்பது வைஃபை, அஞ்சல், இணையதளங்கள் ஆகியவற்றின் கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் பெட்டகம். நாமே பழையதைக் கொடுத்துப் புதியதை வைத்தால் பெட்டகத்தின் பூட்டும் கூடவே மாறும். வெளியிலிருந்து இன்னொருவர் மாற்றினால் மாறாது. மாறவும் கூடாது, மாறினால், நிர்வாகி அதிகாரம் உள்ள எவரும் நம் சேமிப்பு முழுவதையும் படித்துவிடலாம். நான்கு நாள் நான் திட்டித் தீர்த்தது ஒரு நேர்மையான காவலாளியை.

அன்றைக்கு மட்டும் திறந்தால் போதாது. மறுபடி நுழையும்போது மீண்டும் கேட்கும். 'கீசெயின் ஆக்சஸ்' செயலியில் 'லாகின்' என்பதைத் தேர்ந்து, 'எடிட்' பட்டியலில் அதன் கடவுச்சொல்லை மாற்றும் கட்டளையைச் சொடுக்கி, பழையதை ஒருமுறை கொடுத்து, இப்போதைய நுழைவுக் கடவுச்சொல்லையே புதியதாக வைக்க வேண்டும். சீட்டு கிடைக்காதவர்களுக்கு அதே செயலியின் அமைப்புகளில் 'ரீசெட்' வழி உண்டு. ஆனால் அது காலிப் பெட்டகத்தைத்தான் தரும். அதில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டியதுதான்.

கணினியில் லினக்ஸ் இயங்குதளம் வைத்திருக்கும் நண்பருக்கு வேறு கதை. கடவுச்சொல் கேட்காமலே கணினி திறக்கும்படி வைத்திருந்தார். பூட்டைத் திறக்க யாரும் எதையும் தட்டாததால், உலாவியைத் தொட்டதும் பெட்டகம் சாவி கேட்டது.

நாற்பது ஆண்டுகள் பிழைதிருத்தியவன் நான். அந்தப் பெட்டியின் மெய்ப்பு என் மேசைக்கு வந்திருந்தால், 'கடவுச்சொல்' என்பதற்கு முன்னால் 'பழைய' என்ற மூன்றெழுத்தைச் சேர்த்திருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிழைதிருத்துநர் ஒருவர்