கதிரியக்க மருந்து எடுத்தவரைக் கண்டு ஒதுங்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

எனக்குச் சிறுகுடலில் நியூரோஎண்டோகிரைன் கட்டி; ஹோர்மோன் சுரக்கும் செல்களில் உண்டாகும் ஒருவகைப் புற்றுநோய் அது. ஈரலுக்கும் பரவிவிட்டதால் சென்னைக்குப் போய் லுட்டீசியம்-177 என்ற கதிரியக்கப் பொருள் சேர்ந்த மருந்தால் சிகிச்சை எடுத்து வருகிறேன். திரும்பி வந்ததும் எங்கள் தொடர்மாடியில் சிலர் என்னோடு லிஃப்டில் ஏறவே பயப்படுகிறார்கள். மனம் நொந்துதான் இதை எழுதுகிறேன்.

இந்தக் கட்டியின் செல்களில் பெரும்பாலும் சோமட்டோஸ்டாட்டின் என்ற ஹோர்மோன் வந்து ஒட்டும் இடங்களான ஏற்பிகள் நிறைய இருக்கும். மருந்து அவற்றில் போய் ஒட்டிக்கொண்டு, அங்கிருந்தே கட்டியைக் கதிரால் தாக்கும். வழக்கமாக 8 வார இடைவெளியில் 4 தடவை நாளத்தில் ஏற்றுவார்கள். சிறுநீரகத்தைக் காக்க அமினோ அமிலக் கரைசலும் கூடவே ஓடும். எனக்குப் பயங்கரமாகக் குமட்டியது அது ஓடும்போதுதான்.

கட்டியில் ஒட்டாத மருந்தில் பெரும்பகுதி ஓரிரு நாட்களில் சிறுநீரோடு போய்விடும். மிச்சத்தின் கதிரியக்கமும் ஏறத்தாழ 6.6 நாளுக்கொருமுறை பாதியாகும். டொக்டர் சொன்ன காலம் முடியும்வரை தனியாகப் படுத்தேன், பேத்தியைத் தூக்கவில்லை. அப்புறம் என்னால் யாருக்கும் ஆபத்தில்லை என்று அவரே சொல்லிவிட்டார்.

கொழும்பிலுள்ள புற்றுநோய் மருத்துவர்கள் இதை உங்கள் பத்திரிகையில் விளக்கி எழுத வேண்டும். வீட்டாரிடமும் அயலாரிடமும் கொடுக்கத் தமிழில் ஒரு துண்டுப்பிரசுரமாவது தேவை.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 6