நிலக்கரியைத் தடுத்த இளைஞர்கள்

ஆசிரியருக்கு,

ஆப்பிரிக்க இளைஞர்களின் பருவநிலைப் போராட்டம் என்றாலே பதாகை ஏந்திய படம்தான் அச்சாகிறது. தென்னாப்பிரிக்காவில் அவர்கள் வென்றதோ கோப்புகளைப் புரட்டி!

அந்நாட்டு அரசின் 2019 மின்திட்டத்தில் 1,500 மெகாவாட் புதிய நிலக்கரி மின்சாரம் இருந்தது. இளைஞர்கள் நடத்தும் ஆப்பிரிக்கன் கிளைமேட் அலையன்ஸ், நிலக்கரி மாகாணமான முபுமலாங்காவின் வுகானி, சுற்றுச்சூழலுக்காகப் போராடும் கிரவுண்ட்வொர்க் ஆகிய மூன்று அமைப்புகளும் 2021-இல் பிரிட்டோரியா உயர் நீதிமன்றத்தை நாடின. நம்பியது அரசியலமைப்பின் இரு பிரிவுகளை: தீங்கற்ற சுற்றுச்சூழல் (24), குழந்தைகளின் நலனுக்கே முதலிடம் (28). முடிவெடுத்தபோது குழந்தைகளுக்கு நேரும் பாதிப்பைக் கருதியதற்கு அரசின் ஆவணங்களில் போதிய சான்று இல்லை. 2024 டிசம்பரில் நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது.

'நிலக்கரி கெடுதல்' என்று மட்டும் வாதிட்டிருந்தால், கொள்கை வகுப்பது அரசின் வேலை என்ற பதிலே வந்திருக்கும். முடிவெடுத்த முறையின் ஓட்டையைக் காட்டியதுதான் எடுபட்டது.

நிறுவனங்களிடம் பேசப்போகும் இளைஞர்கள் முதலில் கேட்க வேண்டியது ஆவணம். அங்குள்ள தகவல் சட்டப்படி 30 நாளில் பதில் தர வேண்டும். 'எல்லா விவரமும் தருக' என்று கேட்டால் இழுத்தடிப்பார்கள். எந்த முடிவு, எந்தத் தேதி, எந்த அறிக்கை என்று குறிப்பிட்டுக் கேட்க வேண்டும்.

இப்படிப்பட்ட தீர்ப்புகளின் விவரங்களையும் தங்கள் நாளிதழ் வெளியிட வேண்டுகிறேன்.

ஒரு வாசகர்,
மதுரை.